எர்த் கம்பி எதற்காக: பிளக் பாயிண்டிலிருந்து எர்த் குழிவரை வீட்டைச் சரிபார்க்கும் முறை

தமிழ்நாட்டு வீடுகளில் சுவரில் பதித்த பெரும்பாலான சாக்கெட்டுகளில் மூன்று துளைகள் இருக்கும். கீழே உள்ள இரண்டில் ஒன்று மின்சாரம் வரும் ஃபேஸ், மற்றொன்று அது திரும்பிப் போகும் நியூட்ரல். ஒரு கருவி ஓடுவதற்கு இந்த இரண்டே போதும். மேலே தனியாக, சற்றுப் பெரிதாக உள்ள துளைதான் எர்த். அதன் பின்னால் கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிரைண்டர் ஒரே மாதிரிதான் சுற்றும், ஃப்ரிட்ஜ் ஒரே மாதிரிதான் குளிரும். அதனால்தான் எர்த் இல்லாத குறை ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. புதிதாக வீடு கட்டிக் குடியேறுபவர்களும், பழைய வீட்டை வாங்கியவர்களும், வாடகைக்கு வந்தவர்களும் தங்கள் வீட்டில் இந்த ஏற்பாடு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொள்ள உதவுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சரிபார்க்கும் முறைக்குப் போகும் முன், எர்த் கம்பி என்ன செய்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் புரிந்துகொள்வது நல்லது. "கசிகிற கரண்டை மண்ணுக்குள் இழுத்துக்கொள்ளும், நமக்கு ஒன்றும் ஆகாது" என்று பொதுவாகச் சொல்வார்கள். இது பாதி சரி. மீதிப் பாதி தெரியாததால்தான், எர்த் போட்ட வீடுகளிலும் விபத்து நடக்கிறது.

கசிவு ஏற்படும்போது நடப்பது என்ன?

சமையலறைக் கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். மாவு வழிந்து, கழுவிய தண்ணீர் இறங்கி, மோட்டார் சுருளின் மேல்பூச்சு ஒரு இடத்தில் கெட்டுப்போகிறது. ஃபேஸ் கம்பி உலோக உடலைத் தொட்டுவிடுகிறது. எர்த் இல்லையென்றால் அந்தக் கணத்தில் எதுவுமே நடக்காது. ஃபியூஸ் போகாது, மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்சான எம்.சி.பி. விழாது (அணையாது), மோட்டாரின் சத்தம்கூட மாறாது. ஏனென்றால் மின்னோட்டம் போவதற்கு வழியே இல்லை. உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறிக்கொண்டு, ஒரு வழிக்காகக் காத்திருக்கிறது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று மாவு வழிக்க வருபவரின் உடல்தான் அந்த வழி.

ஈரமான நிலையில் கையிலிருந்து கால்வரை மனித உடலின் மின்தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அவர் வழியாக 230 மில்லி ஆம்பியர் பாயும். ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியருக்கு மேல் போனாலே தசை இறுகிப் பிடித்த பொருளை விட முடியாமல் போகிறது. 30-ஐத் தாண்டினால் மூச்சு சிரமமாகிறது. அதற்கு மேல், சில நொடிகள் நீடித்தாலே இதயத்தின் ஒழுங்கான துடிப்பு குலைந்துவிடக்கூடும். 230 மில்லி ஆம்பியர் என்பது ஒரு சாதாரண 60 வாட் குண்டு பல்புக்குப் போகும் மின்னோட்டத்தைவிடக் குறைவு. உயிரைப் பறிக்கப் பெரிய மின்னோட்டம் தேவையில்லை என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

இப்போது அதே கிரைண்டரின் உலோக உடலை ஒரு பச்சைக் கம்பி வழியாக வீட்டுப் பின்புறம் மண்ணில் உலோகக் குழாய் புதைத்த எர்த் குழியோடு இணைத்திருக்கிறோம் என்று கொள்வோம். குழியின் தடை 5 ஓம். தெருவில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் எர்த் 2 ஓம். கசிவு ஏற்பட்டதும் 230-ஐ 7-ஆல் வகுத்தால் வரும் 33 ஆம்பியர் அந்த வழியில் பாய்கிறது. பழைய 5 ஆம்பியர் ஃபியூஸ் கம்பியாக இருந்தால் அது உடனே உருகி இணைப்பைத் துண்டித்துவிடும். ஆனால் இன்று பவர் பிளக்குக்குப் போடுகிற 16 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. உடனடியாக விழ வேண்டுமானால் 80 முதல் 160 ஆம்பியர்வரை பாய வேண்டும். 33 ஆம்பியருக்கு அது சூடேறி விழுவதற்குள் பல நொடிகள் ஆகும். சில சமயம் ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை கிரைண்டரின் உடலில் எவ்வளவு வோல்ட் இருக்கும்? 230-இல் ஏழில் ஐந்து பங்கு, அதாவது சுமார் 164 வோல்ட். நல்ல குழி, நல்ல கம்பி, சரியான இணைப்பு எல்லாம் இருந்தும் நிலைமை இதுதான்.

குழி காய்ந்து தடை 50 ஓம் ஆகிவிட்டால் கணக்கு இன்னும் மோசமாகிறது. பாயும் மின்னோட்டம் சுமார் 4.4 ஆம்பியர்; எந்த எம்.சி.பி.யும் அதற்கு அசையாது. ஃப்ரிட்ஜ் போல எப்போதும் இணைப்பில் இருக்கும் கருவியில் இப்படிக் கசிந்தால் ஏறத்தாழ ஒரு கிலோவாட் மண்ணைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். நாளொன்றுக்கு 24 யூனிட், ஈ.பி.யின் இரண்டு மாதக் கணக்கில் 1400 யூனிட்டுக்கு மேல். பல மின்னணு மீட்டர்களில் ஃபேஸில் போவதும் நியூட்ரலில் திரும்புவதும் ஒத்துப்போகாதபோது எரிகிற சிறிய சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. காரணமில்லாமல் பில் எகிறினால் முதலில் அந்த விளக்கைப் பாருங்கள்.

ஆகவே எர்த் கம்பியின் வேலை கசிவுக்கு ஒரு வழி கொடுத்து, இணைப்பைத் துண்டிக்கும் கருவிக்கு அதைக் காட்டிக்கொடுப்பது. துண்டிக்கும் வேலையை மண் செய்யாது. அதைச் செய்வது ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவு துண்டிப்பான். வீட்டுக்குள் ஃபேஸில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 நொடிக்குள்ளும், அதைவிடப் பல மடங்கு குறைந்தால் 0.04 நொடிக்குள்ளும் இரு கம்பிகளையும் சேர்த்துத் துண்டித்துவிடும். மேலே சொன்ன காய்ந்த குழியிலும் 4.4 ஆம்பியர் பாய்கிறதல்லவா? அது இதன் எல்லையைப்போல் நூறு மடங்குக்கு மேல். கிரைண்டரில் கசிவு தொடங்கிய அந்தக் கணமே, யாரும் தொடுவதற்கு முன்பே, மின்சாரம் நின்றுவிடும்.

"அப்படியானால் ஆர்.சி.சி.பி. மட்டும் போதாதா, எர்த் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. எர்த் இல்லாமலும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும், ஆனால் அப்போது கசிவு போவதற்கு முதல் வழியாக அமைவது உங்கள் உடல்தான். ஒரு அதிர்ச்சியை வாங்கிய பிறகே அது விழும். அந்த ஒரு கணத்து அதிர்ச்சியில் ஏணியிலிருந்து விழுந்தவர்களும் உண்டு. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் பாதுகாப்பு முழுமையாகும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கலாம்.

முதல் படி: கையில் எந்தக் கருவியும் இல்லாமல் பார்ப்பது

எந்தெந்தக் கருவிகளுக்கு எர்த் தேவை என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். உலோக உடல் கொண்டவை, தண்ணீரோடு பழகுபவை, சூடேறுபவை ஆகிய மூன்று வகைக்கும் எர்த் கட்டாயம்: கிரைண்டர், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர், இஸ்திரிப் பெட்டி, ஏ.சி., தண்ணீர் மோட்டார், இண்டக்‌ஷன் அடுப்பு, கணினியின் சி.பி.யு. பெட்டி. செல்போன் சார்ஜர், டி.வி., தலைமுடி உலர்த்தி போன்றவற்றின் விவரச் சீட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் அச்சிட்டிருந்தால் அவை இரட்டைக் காப்பு கொண்டவை. அவற்றுக்கு எர்த் தேவையில்லை, இரண்டு பின்னோடு வருவதில் தவறும் இல்லை.

பிறகு பிளக்குகளைப் பாருங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். நீளமாக இருப்பதால் சொருகும்போது அது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் விலகும்; தடிமனாக இருப்பதால் தவறியும் ஃபேஸ் துளைக்குள் போகாது. இந்தப் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகியிருக்கிறார்களா, மூன்று பின்னை இரண்டாக்கும் மலிவான அடாப்டர் எங்காவது தொங்குகிறதா, எர்த் துளைக்குள் ஸ்குரூ டிரைவரையோ பேனா மூடியையோ செருகி உள்மூடியைத் திறந்து இரண்டு பின்னை நுழைக்கும் பழக்கம் வீட்டில் இருக்கிறதா என்று கவனியுங்கள். கடைசியாகச் சொன்னது பலரும் விளையாட்டாகச் செய்வது. ஆனால் அந்த உள்மூடி, குழந்தைகளின் விரலும் கம்பியும் ஃபேஸ் பக்கம் போகாமல் இருப்பதற்காகவே வைக்கப்பட்டது.

உடலுக்குத் தெரியும் அறிகுறிகளும் உண்டு. ஃப்ரிட்ஜ் கைப்பிடியையோ சி.பி.யு. பெட்டியையோ வெறுங்காலோடு தொடும்போது லேசாகச் சுருக்கென்று ஒரு கூச்சம் ஏறினால், அதைக் கருவியின் பழுது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். கணினி, வாஷிங் மெஷின் போன்றவற்றின் உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் எர்த்தை நோக்கி இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருக்கும்வரை அந்த மிகச் சிறிய மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் அதுவே உடலில் தேங்கி உங்கள் விரலில் தெரியும். அந்தக் கூச்சம் ஆளைக் கொல்லாது. ஆனால் "இந்த சாக்கெட்டில் எர்த் இல்லை" என்று கருவியே உங்களுக்குச் சொல்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டால் தெரிவதில்லை என்று அதோடு விட்டுவிடும் வீடுகள்தான் அதிகம்.

இரண்டாம் படி: பிளக்கும் ஒயரும்

சாக்கெட்டில் எர்த் இருந்தும் கருவிவரை அது போய்ச் சேராமல் இருப்பதற்கு, பழுது பார்க்கும் கடையில் மாற்றிய ஒயரே பெரும்பாலும் காரணம். இஸ்திரிப் பெட்டியின் மூன்று இழை ஒயர் தேய்ந்ததும், கையில் கிடைத்த இரண்டு இழை ஒயரைப் போட்டு, அதன் முனையில் மூன்று பின் பிளக்கையே மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். பிளக்கைச் சுவரிலிருந்து முழுவதுமாகப் பிடுங்கி, கையில் எடுத்துவைத்துக்கொண்டு, அதன் மூடியின் திருகைக் கழற்றிப் பாருங்கள்: மேல் பின்னின் பித்தளைத் திருகு புதிதுபோல் பளபளவென்று, ஒரு கம்பியும் தொடாமல் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். அங்கே பச்சை அல்லது பச்சையில் மஞ்சள் கோடு போட்ட கம்பி இறுக்கமாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். கருவியோடு வரும் புதிய ஒயர்களில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல். சுவருக்குள் போகும் வயரிங்கில் சிவப்பும் கறுப்பும் வழக்கம். எர்த்துக்குப் பச்சைதான், இரண்டிலும்.

வீட்டில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் இந்தப் படியில் அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம், ஏனெனில் கருவி மின்சாரத்தோடு இணைப்பில் இல்லை. ஓம் அளக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை எர்த் பின்னிலும் மறுமுனையை கருவியின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியிலும் தொடுங்கள். ஒரு ஓமுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும். எண் நிற்காமல் ஏறி இறங்கினால் உள்ளே இழை அறுந்து அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒயரை ஆட்டி ஆட்டிப் பார்த்தால் எந்த இடத்தில் என்று கண்டுபிடித்துவிடலாம்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் இதே முறையில் சோதியுங்கள். மேலே நான்கு மூன்று துளை சாக்கெட்டுகள், கீழே இரண்டு இழை ஒயர் என்று விற்கும் பெட்டிகள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. அதில் கணினியையோ கிரைண்டரையோ சொருகினால், சுவரில் எவ்வளவு நல்ல எர்த் இருந்தும் பயனில்லை.

மூன்றாம் படி: சாக்கெட்

இங்கிருந்து உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்துக்கொள்வதே முறை. மெயினை அணைத்துவிட்டால் சாக்கெட்டைத் திறந்து பார்க்கலாம் என்று தோன்றும். இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீட்டில் மெயினை அணைத்த பிறகும் பல புள்ளிகளில் 230 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தான் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

எர்த் துளை மேலே இருக்கும்படி நேராகப் பார்த்தால் வலப்பக்கத் துளை ஃபேஸ், இடப்பக்கத் துளை நியூட்ரல். வயர்மேன் மல்டிமீட்டரால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஒரு முறை, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு முறை அளந்து, இரண்டிலும் 230 வந்தால் "எர்த் இருக்கிறது" என்று சொல்லிவிடக்கூடும். அதோடு நிறுத்தவிடாதீர்கள். மல்டிமீட்டர் வழியாகப் போகும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு; பல நூறு ஓம் தடையுள்ள, ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் எர்த்திலும் அது 230 என்றே காட்டும். பழைய வயர்மேன்கள் குண்டு பல்பு மாட்டிய டெஸ்ட் லாம்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்து, நியூட்ரலில் எரிந்த அதே வெளிச்சத்தில் எரிகிறதா என்று பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது, ஏனென்றால் அங்கே உண்மையிலேயே மின்னோட்டம் பாய்ந்தாக வேண்டும். ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் இந்தச் சோதனை செய்தவுடன் அது விழுந்துவிடும். விழுந்தால் நல்ல செய்தி. எர்த் வழி, துண்டிப்பான் இரண்டும் வேலை செய்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி.

மூன்று சிறு விளக்குகள் கொண்ட சாக்கெட் டெஸ்டர் பிளக் ஒன்றை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளலாம். எர்த் இல்லாததையும், ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியதையும் அது காட்டும். எர்த்தும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் அதற்குத் தெரியாது.

நான்காம் படி: டி.பி. பாக்ஸ்

வீட்டின் எல்லா அறைகளுக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் இந்தப் பெட்டியின் மூடியைத் திறந்ததும் வரிசையாக எம்.சி.பி.கள் தெரியும். அவற்றுள் சற்று அகலமாக, 'T' என்ற ஆங்கில எழுத்துப் போட்ட சிறு பொத்தானோடு இருப்பதுதான் ஆர்.சி.சி.பி.; பார்க்க அதேபோல் இருந்து பொத்தான் மட்டும் இல்லாதது ஐசொலேட்டர், அதாவது வெறும் மெயின் சுவிட்ச். இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஐசொலேட்டர் இருப்பதையே ஆர்.சி.சி.பி. என்று நம்பியிருக்கும் வீடுகள் உண்டு. ஆர்.சி.சி.பி.யின் முகப்பில் 30 மில்லி ஆம்பியர் என்று இருக்க வேண்டும்; 100 அல்லது 300 என்று இருந்தால் அது தீ விபத்தைத் தடுப்பதற்கானது, ஆளைக் காப்பாற்றுவதற்குப் போதாது. இன்வெர்ட்டர் வகை ஏ.சி., வாஷிங் மெஷின் உள்ள வீட்டுக்குப் புதிதாக வாங்கும்போது 'ஏ' வகை ஆர்.சி.சி.பி.யைக் கேட்டு வாங்குங்கள்.

மாதம் ஒரு முறை அந்தப் பொத்தானை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும்; விழவில்லையென்றால் மாற்ற வேண்டும், பொறுத்துப் பார்க்கலாம் என்பதற்கு இடமில்லை. அதே சமயம், பொத்தான் சோதிப்பது ஆர்.சி.சி.பி.யின் உள் அமைப்பை மட்டுமே. உள்ளேயே ஒரு சிறு தடை வழியாகச் செயற்கையான கசிவை உண்டாக்கி விழவைக்கிறது. எர்த் கம்பி அடியோடு இல்லாத வீட்டிலும் பொத்தானை அழுத்தினால் அது விழும். ஆகவே பொத்தான் வேலை செய்வதை எர்த் இருப்பதற்கான சான்றாகக் கொள்ளக் கூடாது.

பெட்டியின் ஓரத்தில் பித்தளைப் பட்டை ஒன்றில் பச்சைக் கம்பிகள் எல்லாம் வந்து சேர்ந்து, அங்கிருந்து தடித்த ஒரு கம்பி குழிக்குப் போக வேண்டும். அறைக்கு ஒன்று என்ற அளவிலாவது பச்சைக் கம்பிகள் அங்கே இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஃபேஸ் கம்பி எந்தப் பருமனோ அதே பருமனில் எர்த் கம்பியும் இருக்க வேண்டும் என்பது 16 சதுர மில்லிமீட்டர்வரை பொதுவான விதி. பவர் பிளக்குக்கு 2.5 அல்லது 4 சதுர மி.மீ. செம்பு போட்டுவிட்டு, எர்த்துக்கு மட்டும் மெல்லிய கம்பியை இழுத்துச் சிக்கனம் பிடிப்பது கூடாது.

ஐந்தாம் படி: எர்த் குழி

குழி எங்கே இருக்கிறது என்பதே வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இருப்பது சாதாரணம். சுற்றுச்சுவர் ஓரத்தில் ஒரு சிறிய சிமெண்ட் மூடியைத் தேடுங்கள். டைல்ஸ் போட்டபோது மூடிவிட்டிருந்தால் திறக்கச் செய்யுங்கள். வீடுகளில் பெரும்பாலும் காண்பது குழாய் எர்த்: இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 3043 சொல்வதன்படி குறைந்தது 38 மி.மீ. உள்விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் கொண்ட ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், கட்டடத்திலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளிப் புதைக்கப்பட வேண்டும். சுற்றிலும் கரியும் உப்பும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். 60 சென்டிமீட்டர் சதுரத் தகட்டைப் புதைப்பது இன்னொரு முறை. இப்போது செம்பு பூசிய கம்பியைப் பெண்டோனைட் களிமண் கலவைக்குள் இறக்கும் 'கெமிக்கல் எர்த்' பரவலாகிவருகிறது. உப்பு தடையைக் குறைக்கும் என்பது உண்மை. அதே உப்புதான் ஜி.ஐ. குழாயை அரிக்கிறது என்பதும் உண்மை. பத்து, பதினைந்து ஆண்டான உப்புக் குழியை அளக்காமல் நம்ப வேண்டாம்.

மூடியைத் திறந்தால் முதலில் பார்க்க வேண்டியது குழாயின் தலையில் உள்ள கிளாம்ப். துரு ஏறிப் பொருக்குப் பொருக்காக உதிரும் நட்டு, செம்பின் மேல் படிந்த பச்சைப் பூச்சு, எறும்பு கட்டிய மண், பாதி அறுந்து ஒரு புரியில் தொங்கும் கம்பி ஆகியவைதான் பழைய குழிகளில் வழக்கமாகக் கிடைக்கும் காட்சி. கீழே 2.5 மீட்டர் குழாய் நன்றாகவே இருந்தாலும், இந்த ஒரு நட்டு தளர்ந்தால் வீடு முழுவதற்கும் எர்த் இல்லை. ஆனால் அந்தக் கம்பியைக் கையால் தொட்டு ஆட்டிப் பார்க்காதீர்கள். வீட்டில் எங்காவது கசிவு இருந்தால் அறுந்த முனையில் மின்சாரம் இருக்கும்.

மண்ணின் தன்மை எல்லா ஊரிலும் ஒன்றல்ல. கடலோரத்தின் ஈர மணலில் ஒரே குழாயில் எளிதாகக் குறைந்த தடை கிடைத்துவிடும். கரிசல் மண் மழைக்காலத்தில் அருமையாக இருக்கும். கோடையில் வெடித்துக் குழாயை விட்டு விலகிவிடும். பாறை நிலத்தில் இரண்டு மூன்று குழாய்களை இடைவெளி விட்டு இறக்கி இணைக்க வேண்டிவரும். ஒவ்வொன்றுக்கும் இடையே குழாய் நீளத்தைப்போல் இரு மடங்கு தூரம் இருந்தால்தான் கூடுதல் குழாயால் முழுப் பலன் கிடைக்கும். எந்த மண்ணானாலும் பங்குனி தொடங்கி மழை வரும்வரை குழிக்கு வாரம் ஒரு முறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது நல்ல பழக்கம். துணி துவைத்த தண்ணீர் போகும் வழியில் குழியை அமைத்திருக்கிற வீடுகளைப் பார்த்தால், கட்டியவர் விவரம் தெரிந்தவர் என்று எண்ணிக்கொள்வேன்.

குழியின் தடையை அளப்பதற்கு எர்த் மெக்கர் என்ற கருவி இருக்கிறது. குழிக்கான கம்பியைத் தற்காலிகமாகக் கழற்றி, சற்றுத் தொலைவில் இரண்டு முளைகளை அடித்து அளப்பார்கள். அந்த நேரம் முழுவதும் வீட்டின் மெயின் அணைந்திருக்க வேண்டும். வீட்டுக்கு 5 ஓமுக்குள் இருந்தால் நிறைவானது. கோடையில் அளந்த எண்ணையே கணக்கில் கொள்ளுங்கள்; ஐப்பசி மழையில் எந்தக் குழியும் நல்ல குழிதான்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத் தனிக் குழி இருக்காது. தரைத்தளத்திலிருந்து மீட்டர் அறை வழியாக மாடி மாடியாக ஏறும் எர்த் பட்டையிலிருந்தே ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பி வரும். அந்தப் பட்டையின் இணைப்புகளையும் பொதுக் குழிகளையும் ஆண்டுக்கு ஒரு முறை அளந்து பதிவு செய்யும்படி சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். லிஃப்டுக்குக் கொடுக்கும் கவனத்தில் கால்வாசி போதும்.

செய்யவே கூடாத குறுக்குவழிகள்

எர்த் கம்பி இல்லாத சாக்கெட்டில், எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் சிறு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவது இவற்றில் மிக ஆபத்தானது. எல்லா டெஸ்டரும் "எர்த் இருக்கிறது" என்றே காட்டும். ஆனால் வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால், சுவிட்ச் போட்ட மறுகணம் ஃபேஸ் மின்சாரம் கருவியின் உள்வழியாக வந்து அதன் உடலில் ஏறிவிடும். கருவியில் எந்தப் பழுதும் இல்லாமலே ஆளைக் கொல்லும் ஏற்பாடு இது. தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டும் பழக்கமும் இரும்புக் குழாய்க் காலத்தோடு முடிந்துவிட வேண்டியது. இன்று நடுவில் பி.வி.சி. குழாய் வந்துவிடுவதால் அது மண்ணைத் தொடுவதே இல்லை, மாறாகக் கசிவைக் குளியலறைக் குழாய்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். ஜன்னல் கம்பியில் கட்டுவதும் அதே ரகம்தான்.

இன்னொன்று, ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்பதற்காக எர்த் கம்பியைக் கழற்றிவிடுவது அல்லது ஆர்.சி.சி.பி.யையே தாண்டி நேர் இணைப்புக் கொடுத்துவிடுவது. தொல்லை தீர்ந்துவிட்டது என்று வீட்டுக்காரரும் மகிழ்ந்து கூலி கொடுப்பார். கசிவு அப்படியே இருக்கும். சரியான வழி, எல்லாக் கருவிகளின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்ப்பது. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கியே ஆக வேண்டும். சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கிறது, நியூட்ரல் பக்கக் கசிவும் ஆர்.சி.சி.பி.யை விழவைக்கும். கீசரின் ஹீட்டிங் காயிலும், பழைய கிரைண்டரும், மொட்டைமாடி விளக்குப் பெட்டியில் இறங்கிய மழைநீரும்தான் பெரும்பாலும் சிக்கும். எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் விழுந்தால் கோளாறு வயரிங்கில். இன்வெர்ட்டர் மாட்டிய மறுநாளிலிருந்து விழத் தொடங்கியிருந்தால், இன்வெர்ட்டர் சுற்றின் நியூட்ரலும் ஆர்.சி.சி.பி. சுற்றின் நியூட்ரலும் கலந்திருக்கும், பிரித்துவிட்டால் சரியாகிவிடும்.

எர்த்தே இல்லாத பழைய வீடு

சுவர் முழுவதையும் உடைக்கக் காசு இல்லையென்றால் வரிசை முறையில் செய்யலாம். முதல் நாளே ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டுவிடுங்கள், முழுப் பாதுகாப்பு இல்லையென்றாலும் உயிர்ச் சேதத்துக்கான வாய்ப்பைப் பெரிதும் குறைக்கும். அடுத்துக் குழி. பிறகு குளியலறைக் கீசர், சமையலறை, தண்ணீர் மோட்டார் ஆகிய ஈரமான இடங்களுக்குப் பச்சைக் கம்பியை இழுங்கள். சுவருக்குள் இருக்கிற ஒயர் பைப்பிலேயே இடம் இருக்கும், இல்லையென்றால் சுவரின் மேல் கேசிங் பட்டையில் கொண்டுபோகலாம். படுக்கையறை விளக்கும் மின்விசிறியும் கடைசியில் போதும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்த வரிசையில் முதல் இரண்டையாவது செய்துதரும்படி வீட்டு உரிமையாளரிடம் கேட்கலாம்.

வீட்டுக்கு வெளியே இரண்டு இடங்கள் தனிக் கவனத்துக்குரியவை. ஒன்று தண்ணீர்த் தொட்டியும் மோட்டாரும்: சம்ப்பைக் கழுவ இறங்குவதற்கு முன் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்க வேண்டும், நேர் இணைப்பாக இருந்தால் அதற்கான எம்.சி.பி.யை இறக்க வேண்டும். மோட்டார் ஸ்டார்ட்டரின் இரும்புப் பெட்டிக்கும் எர்த் தேவை. மற்றொன்று துணிக் கொடி: மின்கம்பத்திலோ, அதைத் தாங்கும் ஸ்டே கம்பியிலோ, சர்வீஸ் ஒயரைத் தாங்கும் குழாயிலோ கொடி கட்டக் கூடாது, வேறெங்கு கட்டினாலும் இரும்புக் கம்பிக்குப் பதிலாக நைலான் கயிற்றைக் கட்டுங்கள்.

யாருக்காவது மின்சாரம் பாய்ந்துவிட்டால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும். அது முடியாத இடத்தில் உலர்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரை விலக்கி, 108-ஐ அழைத்து, மூச்சும் நாடித் துடிப்பும் இல்லையென்றால் மார்பின் நடுவில் அழுத்தம் கொடுக்கத் தொடங்க வேண்டும். எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் இ.சி.ஜி. எடுப்பது நல்லது.

வேலை முடிந்ததும் வயர்மேனிடம் குழியின் ஓம் அளவையும் அளந்த தேதியையும் எழுதி வாங்கி, டி.பி. பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். அதற்குக் கீழேயே பொத்தானை அழுத்திப் பார்த்த தேதிகளையும் குறித்துவரலாம். புதிதாக ஏ.சி.யோ கீசரோ வாங்கி மாட்டும் நாளில், மாட்ட வருபவர் எர்த்தைப் பார்க்காமலே சாக்கெட்டில் சொருகிவிட்டுப் போகக்கூடும். அவர் இருக்கும்போதே சாக்கெட் டெஸ்டரைச் சொருகிக் காட்டச் சொல்லுங்கள்.